கட்டு பிரிச்சாச்சு, பனியில் சறுக்கலாமா?

எலும்பு மூட்டு மருத்துவர் பதில்கள்

கேள்வி:



எனக்கு வயது 26. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ஃபோர்ஜிங் கம்பெனியில் பிரஸ் ஆபரேட்டராக இருக்கிறேன். வீடு பொன்னேரி பக்கம். டிசம்பர் முதல் வாரத்தில் நைட் ஷிஃப்ட் முடிந்து பைக்கில் வீட்டுக்கு வரும்போது கவரைப்பேட்டை அருகே சர்வீஸ் ரோட்டில் மணல் சறுக்கி விழுந்துவிட்டேன். வலது கையை ஊன்றியதில் மணிக்கட்டை ஒட்டி எலும்பு உடைந்துவிட்டது. ஆபரேஷன் தேவையில்லை என்று சொல்லி, இழுத்து நேராக்கி ஆறு வாரம் மாவுக்கட்டு போட்டார்கள். போன வாரம் கட்டைப் பிரித்தார்கள். எக்ஸ்ரேயில் எலும்பு கூடியிருக்கிறது என்றார்கள். இப்போது வலி பெரிதாக இல்லை. ஈஎஸ்ஐ லீவில் இருக்கிறேன்.

பாலிடெக்னிக்கில் கூடப் படித்த நண்பர்கள் ஐந்து பேர் பிப்ரவரியில் மணாலி போகத் திட்டமிட்டு முன்பே பணம் கட்டிவிட்டோம். சோலாங் பள்ளத்தாக்கில் ஸ்னோபோர்டிங் செய்ய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. கோவளத்தில் இரண்டு முறை சர்ஃபிங் செய்திருக்கிறேன், அதனால் பேலன்ஸ் வரும் என்று நினைக்கிறேன். மணிக்கட்டில் இறுக்கமாக ஒரு கார்டு (மணிக்கட்டுக் கவசம்) போட்டுக்கொண்டால் போதும் என்கிறார்கள் நண்பர்கள். அம்மாவோ, புத்தூருக்குப் போய் ஒரு கட்டு போட்டுக்கொண்டு வந்தால்தான் அனுப்புவேன் என்கிறார். நான் என்ன செய்யட்டும்?

பெயர் வெளியிட வேண்டாம், பொன்னேரி.

பதில்:

அன்புள்ள தம்பி,

உங்கள் ஈஎஸ்ஐ மருத்துவர் அனுமதி கொடுத்தால் மணாலிக்குப் போய் வாருங்கள். ஆனால் பலகையில் ஏறாதீர்கள். இந்த சீசனில் வேண்டவே வேண்டாம். காரணங்களைச் சொல்கிறேன். அவற்றைப் புரிந்துகொண்டால், நண்பர்கள் எவ்வளவு வற்புறுத்தினாலும் பனிமேட்டில் நின்று உங்களாலேயே மறுக்க முடியும்.

கையை ஊன்றி விழுபவர்களுக்குப் பெரும்பாலும் உடைவது முன்கையில் கட்டைவிரல் பக்கமாக ஓடும் ஆரை எலும்பின் கீழ்முனை. 1814ஆம் ஆண்டு ஆபிரகாம் காலிஸ் என்ற அயர்லாந்து அறுவை மருத்துவர் இந்த முறிவை விவரித்து எழுதினார். அப்போது எக்ஸ்ரே கிடையாது. கையின் வடிவத்தைப் பார்த்தும் தொட்டும் எழுதினார். இன்றும் இந்த முறிவில் ஒரு வகைக்கு அவர் பெயர்தான். சர்வீஸ் ரோட்டில் விழுந்தாலும் பனியில் விழுந்தாலும் உடையும் விதம் ஒன்றே. விழும்போது கை தானாக நீளும், உள்ளங்கை தரையில் பதியும், உடம்பின் எடை முழுவதும் அந்தச் சின்ன இடத்தில் வந்து இறங்கும்.

எலும்பு கூடிவிட்டது என்று சொன்னார்கள் அல்லவா? அது உண்மை. அதன் பொருளைத்தான் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். முறிந்த இடத்தில் முதலில் ரத்தம் உறைகிறது. இரண்டு மூன்று வாரத்தில் அங்கே மெத்தென்ற இணைப்புத் திசு உருவாகிறது. ஆறு வாரம் வாக்கில் அது கெட்டியாகி எலும்பாக மாறத் தொடங்குகிறது. இப்படி உருவாகும் புது எலும்பு அவசரத்தில் பின்னிய பாய் போன்றது, இழைகள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்காது. தேவையற்றதைக் கரைத்து, தேவையான இடத்தில் சேர்த்து, பழைய உறுதிக்குக் கொண்டுவரும் வேலையை உடம்பு அதற்குப் பிறகு மாதக்கணக்கில் செய்கிறது. சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகும்.

வீடு கட்டும்போது தளம் போட்டு சென்ட்ரிங் பிரிக்கிற நாளை நினைத்துப் பாருங்கள். தளம் தன் எடையைத் தானே தாங்கும் என்பதால்தான் பிரிக்கிறார்கள். அன்று மாலையே அதன்மேல் இரும்புக் கம்பிக் கட்டுகளை இறக்கி வைக்க எந்த மேஸ்திரியும் விடமாட்டார். மாவுக்கட்டும் ஒரு சென்ட்ரிங்தான். தட்டில் சோறு பிசையலாம், சட்டைப் பொத்தான் போடலாம், பேனா பிடிக்கலாம் என்பதற்காகப் பிரித்திருக்கிறார்கள். ஓடுகிற வேகத்தில் உடம்பைத் தூக்கிப் போட்டால் தாங்கும் என்று யாரும் சொல்லவில்லை.

எலும்பைத் தவிர வேறொன்றும் இருக்கிறது. ஆறு வாரம் அசையாமல் கிடந்த கையில் தசை இளைத்திருக்கும், மூட்டு இறுகியிருக்கும். இரண்டு முன்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், வலது கை மெலிந்திருப்பது கண்ணுக்கே தெரியும். வலி குறைந்ததும் நம் மனம் அந்தக் கை உடைந்ததையே மறந்துவிடும். கட்டு பிரித்த முதல் சில வாரங்களில் மீண்டும் விழுந்து திரும்பி வருபவர்களை நான் பார்த்திருக்கிறேன். வலி இல்லை என்ற தைரியத்தில்தான் அவர்கள் அனைவரும் விழுந்தார்கள்.

ஸ்னோபோர்டில் என்ன நடக்கிறது?

பனிச்சறுக்கில் ஸ்கீயிங் என்பது காலுக்கு ஒன்றாக இரண்டு பலகைகள், கையில் இரண்டு கோல்கள். அதில் அதிகம் அடிபடுவது முழங்கால். ஸ்னோபோர்டிங் அப்படியல்ல. ஒரே பலகை, இரண்டு பாதமும் அதில் வாரால் பூட்டப்பட்டிருக்கும், உடம்பு பக்கவாட்டில் நிற்கும், கையில் கோல் இல்லை. தடுமாறினால் ஒரு காலை எடுத்து முன்னே வைத்துச் சமாளிக்க வழியே இல்லை. பலகையின் ஓரம் பனியில் மாட்டினால் ஆள் அப்படியே முன்னாலோ பின்னாலோ சாய்வார். காப்பாற்ற வருவது கை ஒன்றுதான். அதனால் ஸ்னோபோர்டிங்கில் அதிகம் அடிபடும் இடம் மணிக்கட்டு. முதல்முறை ஏறுபவர்களுக்கே அதிக ஆபத்து.

கோவளத்தில் சர்ஃபிங் செய்ததாகச் சொன்னீர்கள். நல்ல பழக்கம், சமநிலை வளர அது உதவும். ஆனால் சர்ஃபிங் பலகையில் கால் பூட்டப்படுவதில்லை, கணுக்காலில் ஒரு கயிறு மட்டும்தான். விழுந்தால் தண்ணீர் வாங்கிக்கொள்ளும். மணாலியில் பகலில் உருகி இரவில் மீண்டும் உறைந்த பனி, காலையில் சிமென்ட் தரை மாதிரி இருக்கும். முதல் நாள் கற்றுக்கொள்பவர் எத்தனையோ முறை விழுவார். விழுவது அந்த விளையாட்டைக் கற்பதில் ஒரு பகுதி. ஆகவே ‘விழாமல் பார்த்துக்கொள்கிறேன்’ என்று நீங்கள் எனக்கு வாக்குக் கொடுக்க முடியாது. இடது கையை மட்டும் ஊன்றுவேன் என்றும் சொல்ல முடியாது. விழுகிற அந்தக் கணத்தில் எந்தக் கை நீளும் என்பது நம் முடிவில் இல்லை.

மணிக்கட்டு கார்டைப் பற்றி உங்கள் நண்பர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. நார்வேயில் 5,029 ஸ்னோபோர்டர்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் மணிக்கட்டுக் கவசம் கொடுத்துப் பார்த்தார்கள். 2001இல் வெளியான அந்த ஆய்வில், கவசம் போடாதவர்களில் 29 பேருக்கும் போட்டவர்களில் 8 பேருக்கும் மணிக்கட்டில் அடிபட்டது. மிகப் பெரிய வித்தியாசம். நல்ல கை உள்ள யாரும் கவசம் இல்லாமல் பலகையில் ஏறக் கூடாது என்பேன். ஆனால் அது உடையாத கைக்குக் கிடைக்கும் பாதுகாப்பு. ஒன்பதாவது வாரத்தில் இருக்கும் முறிவை அது காப்பாற்றும் என்று இந்த எண்ணிக்கையை வைத்துச் சொல்ல முடியாது. அதற்காக கார்டை இன்னும் இறுக்கிக் கட்டினால் குளிரில் ஏற்கெனவே குறைந்திருக்கும் ரத்த ஓட்டம் மேலும் குறையும், விரல் மரத்துப்போகும்.

அம்மாவுக்கு ஒரு வார்த்தை

பொன்னேரியிலும் ஊத்துக்கோட்டையிலும் திருத்தணியிலும் எலும்பு உடைந்தால் நாட்டு வைத்தியக் கட்டுக்காக ஆந்திராவின் புத்தூருக்கு வண்டி பிடிப்பது தலைமுறைகளாக உள்ள வழக்கம். அம்மா உங்கள் நன்மைக்காகத்தான் சொல்கிறார், அதை மதியுங்கள். ஆனால் அவரிடம் இதைச் சொல்லுங்கள்: எலும்பு நேராக நின்று கூடியிருக்கிறது என்று எக்ஸ்ரே காட்டிவிட்டது. இப்போது அந்தக் கைக்கு வேண்டியது அசைவு. இன்னொரு கட்டு போட்டு மீண்டும் முடக்கினால், இறுகிய மூட்டு மேலும் இறுகும். நாளை சோற்றை வாய்க்குக் கொண்டுபோகவே கஷ்டப்பட வேண்டியிருக்கும்.

மற்ற வாசகர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். யார் கட்டிய கட்டாக இருந்தாலும், மருத்துவமனை மாவுக்கட்டாக இருந்தாலும் மூங்கில் பத்தைக் கட்டாக இருந்தாலும், விரல்கள் வீங்கி நீலம் பாய்ந்தால், மரத்துப்போனால், விரலை நீட்டிவிடும்போது உயிர் போகிற வலி வந்தால், விடியும்வரை காத்திருக்காதீர்கள். உடனே கட்டைத் தளர்த்த வேண்டும். கட்டு இறுகி ரத்த ஓட்டம் நின்றால் சில மணி நேரத்தில் தசை செத்துக் கை நிரந்தரமாகச் சுருங்கிவிடும். உடைந்த எலும்பைவிட மோசமான இழப்பு அது.

நீங்கள் கேட்காத ஒரு கேள்வி

ஈஎஸ்ஐ லீவில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதனால் மருந்துச் சீட்டுக்கு வெளியே ஒரு விஷயம் சொல்கிறேன். நோய்க்கால உதவித்தொகையோ ஊனக்கால உதவித்தொகையோ வாங்குபவர், மருத்துவ அதிகாரியின் அனுமதி இல்லாமல் சிகிச்சை பெறும் பகுதியை விட்டுப் போகக் கூடாது என்பது ஈஎஸ்ஐ விதி. குணமாவதைத் தாமதப்படுத்தும் எதையும் செய்யக் கூடாது என்பதும் அதே விதியில் இருக்கிறது. லீவில் இருக்கும்போது சோலாங்கில் பலகைமேல் நிற்கும் படத்தைப் போட்டுவிட்டு, பிறகு உதவித்தொகை நின்றுபோனால் யாரையும் குறை சொல்ல முடியாது. மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லி, எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

இன்னொன்று. ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வரும் வழியில் விழுந்திருக்கிறீர்கள். வேலைக்குப் போகும்போதும் வேலை முடிந்து வரும்போதும் நடக்கும் விபத்தை, நேரமும் இடமும் சூழ்நிலையும் பொருந்தினால், வேலைக் காயமாகவே ஈஎஸ்ஐ ஏற்றுக்கொள்ளும். சாதாரண நோய் விடுப்பு என்றால் சம்பளத்தில் 70 சதவீதம், அதுவும் ஆண்டுக்கு அதிகபட்சம் 91 நாள். வேலைக் காயம் என்றால் 90 சதவீதம், தற்காலிக ஊனம் நீடிக்கும்வரை. உங்கள் கம்பெனி விபத்து அறிக்கை அனுப்பியதா என்று ஹெச்.ஆர். பிரிவில் கேளுங்கள். சிப்காட்டில் உள்ள பல இளைஞர்களுக்கு இது தெரியாமலேயே பணம் போகிறது. நாளைக்குக் கையில் நிரந்தரக் குறை ஏதும் நின்றால், அதை மருத்துவக் குழுதான் மதிப்பிடும். இடையில் பனியில் விழுந்து மறுபடி உடைந்திருந்தால், எது ரோட்டில் வந்த குறை, எது பனியில் வந்த குறை என்று யார் பிரித்துச் சொல்வது?

கை தயாரா என்று எப்படித் தெரியும்?

நாள்கணக்கைவிட கையே நல்ல சாட்சி. இந்தச் சோதனைகளை வீட்டிலேயே செய்யலாம்.

முதலாவது, கும்பிடு. இரண்டு உள்ளங்கைகளையும் மார்புக்கு நேரே சேர்த்து, முழங்கைகளைத் தோள் பக்கமாக மெல்ல உயர்த்துங்கள். இரண்டு மணிக்கட்டும் ஒரே அளவு மடங்க வேண்டும். வலது பக்கம் முன்னதாகவே நின்றுவிட்டால் மூட்டு இன்னும் திறக்கவில்லை.

இரண்டாவது, சில்லறை வாங்கும் கை. முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, உள்ளங்கையை வானம் பார்க்க விரியுங்கள், பிறகு தரை பார்க்கக் கவிழுங்கள். இரண்டு கையும் சமமாகத் திரும்ப வேண்டும். பந்தியில் உட்கார்ந்து ரசம் சோற்றைக் கையால் அள்ளிச் சாப்பிட இந்த அசைவுதான் தேவை.

மூன்றாவது, பிடி. ஈரத் துண்டைப் பிழியுங்கள். பிறகு பாதி வாளித் தண்ணீர், பிறகு முழு வாளி. வலது கைக்காரருக்கு வலது கையின் பிடி இடதுக்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

நான்காவதுதான் கடினம். சுவரில் கை வைத்துத் தண்டால், அதில் வலி இல்லையென்றால் மேசை விளிம்பில், கடைசியில் தரையில். தரையில் பத்துத் தண்டால் வலியில்லாமல் எடுக்க முடிகிற நாளில்தான், விழுந்தால் ஊன்றக்கூடிய கை உங்களிடம் இருக்கிறது என்று பொருள். இதை இப்போதே தொடங்காதீர்கள். அடுத்த எக்ஸ்ரே பார்த்து மருத்துவர் சொன்ன பிறகு தொடங்குங்கள். பெரும்பாலோருக்கு இந்த நிலைக்கு வர மூன்று நான்கு மாதமாவது ஆகிறது. உங்களுக்கு இன்னும் இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

அதுவரை தினமும் மூன்று நான்கு வேளை, பொறுக்கும் சூடுள்ள தண்ணீரில் பத்து நிமிடம் கையை வைத்து, தண்ணீருக்குள்ளேயே மணிக்கட்டை மெல்ல மடக்கி நீட்டுங்கள். ஸ்பாஞ்சைப் பிழியுங்கள். வீட்டில் சப்பாத்தி மாவு பிசைகிற வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், பிசியோதெரபி அறையில் கிடைக்கும் பயிற்சிக்கு அது குறைந்ததல்ல. எண்ணெய் தடவி முரட்டுத்தனமாக இழுத்துவிட யாரையும் அனுமதிக்காதீர்கள். புகைப்பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள், அது எலும்பு கூடுவதை உறுதியாகத் தாமதப்படுத்தும். முட்டை, பால், கேழ்வரகு, பருப்பு போதும். பழவேற்காடு பக்கத்தில் இருக்கிறது, முள்ளோடு சாப்பிடும் நெத்திலி கிடைத்தால் விடாதீர்கள்.

கட்டைவிரலைத் தனியாகக் கவனியுங்கள். கட்டைவிரலை நீட்டினால் அதன் அடியில், மணிக்கட்டு ஓரத்தில் ஒரு குழி தெரியும். அங்கே அழுத்தினால் வலித்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்த இடத்தில் ஸ்கேஃபாய்டு என்ற சிறிய எலும்பு இருக்கிறது. அதற்கு ரத்தம் வரும் வழி குறுகியது. அதில் விரிசல் விழுந்தால் முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம். கவனிக்காமல் விட்டால் கூடாமலே நின்றுவிடும். அதேபோல, ஒருநாள் திடீரென்று கட்டைவிரல் நுனியை மேலே தூக்க முடியாமல் போனாலும் தாமதிக்காதீர்கள். இந்த முறிவுக்குச் சில வாரம் கழித்து அந்தத் தசைநாண் தேய்ந்து அறுவது உண்டு.

பனியைவிட முதலில் வருவது உங்கள் பைக். ஆக்ஸிலேட்டரைத் திருகுவதும் முன் பிரேக்கைப் பிடிப்பதும் வலது கைதான். தேசிய நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே திடீரென்று பிரேக் பிடிக்க அந்தக் கை மறுத்தால் என்ன ஆகும்? பிடி சமமாகும்வரை கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயிலில் போய் வாருங்கள். பிரஸ்ஸில் ஏறும் முன் சில வாரம் லைட் டியூட்டி கேளுங்கள். இரண்டு கைப் பட்டனையும் ஒருசேர அழுத்த வேண்டிய இயந்திரத்தில், தயங்குகிற கை உங்களுக்கும் ஆபத்து, பக்கத்தில் நிற்பவருக்கும் ஆபத்து.

அப்படியானால் மணாலியில் என்ன செய்வது? ரோப்வேயில் ஏறி மேலிருந்து பள்ளத்தாக்கைப் பாருங்கள். 2020இல் திறந்த, 9 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாக நீளும் அடல் சுரங்கப்பாதை வழியாக, சாலை திறந்திருந்தால், சிஸ்ஸு வரை போய் வாருங்கள். மலையின் இந்தப் பக்கம் தேவதாரு மரங்கள், அந்தப் பக்கம் மரமே இல்லாத வெள்ளை மலைகள். அந்த ஒரு காட்சிக்கே போகலாம். நடக்கும்போது பிடிப்புள்ள பூட்ஸ் போடுங்கள், சின்ன அடிகளாக வையுங்கள், கைகளைப் பாக்கெட்டில் விடாதீர்கள். வலது கைக்குத் தளர்வான, கனமான கையுறை வேண்டும். புதிதாகக் கூடிய எலும்பு குளிரில் வலிக்கும், பயப்பட வேண்டாம். டயர் சறுக்கு, பனி ஸ்கூட்டர், குதிரை சவாரி மூன்றும் வேண்டாம். பலகையிலிருந்து விழுவதற்கும் இவற்றிலிருந்து விழுவதற்கும் வித்தியாசமில்லை.

ஸ்னோபோர்டிங் ஆசையை விடச் சொல்லவில்லை. 1998இல் நாகானோ ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்ட இளம் விளையாட்டு அது. நம் நாட்டிலேயே குல்மார்க், அவுலி, சோலாங் என்று அதற்குச் சரிவுகள் உண்டு. கும்மிடிப்பூண்டியில் இரும்பு அடிக்கும் ஒரு பையன் அதைக் கற்றுக்கொள்ள நினைப்பது எனக்கு மகிழ்ச்சி தருகிறது. ஆனால் அரை மணி நேரம் வாடகைக்கு எடுத்துப் படம் பிடிப்பதற்காக ஏறாதீர்கள். அடுத்த குளிர்காலத்தில், கற்றுக்கொடுக்கத் தெரிந்த பயிற்சியாளரிடம் சில நாள் கற்றுக்கொள்ளுங்கள். ஹெல்மெட்டும் மணிக்கட்டுக் கவசமும் இங்கிருந்தே வாங்கிக்கொண்டு போங்கள், வாடகைக் கடையை நம்ப வேண்டாம். முதல் நாள் பலகையில் ஏறும் முன், விழுவது எப்படி என்று கற்றுத்தரச் சொல்லுங்கள். விரல்களை மடக்கி, முன்கையாலும் முழங்காலாலும் தரையை வாங்கி உருள வேண்டும். விரித்த உள்ளங்கையை ஊன்றவே கூடாது.

நண்பர்களிடம் என் பெயரைச் சொல்லியே மறுத்துவிடுங்கள். நாளைக் காலை ஈஎஸ்ஐ மருத்துவரைப் பார்த்து மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: அடுத்த எக்ஸ்ரே எப்போது, பயணத்துக்கு அனுமதி உண்டா, பிசியோதெரபி எங்கே. வலது கை உங்களுக்குச் சோறு போடுகிற கை, தம்பி. இந்த ஒரு குளிர்காலத்தை அதற்கு விட்டுக்கொடுங்கள்.